திருப்தி

சமையல் மேடையை மூன்றாவது முறையாக இடிக்கச் சொன்னார் வீட்டுக்கார அம்மா.

"ஜன்னல் பக்கம் போடச் சொன்னதே நீங்கதானேம்மா?" என்றார் காண்ட்ராக்டர்.

"இப்ப பிடிக்கலை. ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்கு?"

கணவன், மனைவி இருவருக்கும் திருப்தியாகும்வரை வேலை முடிந்ததாகாது என்று எழுதியிருந்தது. எப்படியாவது வேலை கைக்கு வரட்டும் என்று காண்ட்ராக்டரே வலியச் சேர்த்த வரி அது.

"என் ஆளுங்க எல்லாம் சலிச்சுப்போய் ஓடிட்டாங்கம்மா. நானே சிமெண்ட் குழைச்சுப் பூசிட்டிருக்கேன். கொஞ்சம் மனசு வைங்க."

"இடிங்க" என்றார் அந்த அம்மா, அவர் முகத்தைப் பார்க்காமலே.

காண்ட்ராக்டர் நேரே மாடியறைக்குப் போய்க் கணவரிடம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க சார். நாலு மாசமா இந்த வீட்டை விட்டு வெளியே போக முடியலை. அடுத்த கட்டடத்துக்காரர் தினமும் திட்டுறார்."

கணவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"வேலை முடிஞ்சதும் வீட்டை வித்துட்டுப் பிரிஞ்சிடறதுன்னு பேசியிருக்கோம். வக்கீல்கிட்ட எழுதியும் கொடுத்தாச்சு."

காண்ட்ராக்டர் சாத்திய கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அம்மா வேணும்னேதான்…"

"அவளா வாயைத் திறந்து பிரிய வேண்டாம்னு சொல்ல மாட்டா. எனக்கும் சொல்லத் தெரியலை."

கணவர் கதவுக்கு வெளியே கையைக் காட்டினார்.

"எனக்கு இந்த மாடிப்படி பிடிக்கலை. இடிச்சுட்டு அந்தப் பக்கம் மாத்துங்க. எத்தனை நாள் ஆகும்?"

"ஒரு மாசம் ஆகும் சார்" என்றார் காண்ட்ராக்டர், அழாக்குறையாக.

"ரெண்டு மாசம்னு அவகிட்ட சொல்லுங்க."