நூறு தட்டு

சுவருக்கு வெளியே அணில், உள்ளே சுண்டெலி. எந்தப் பொந்தில் சந்திப்பது என்று தினமும் ரகசிய பாஷையில் தட்டிப் பேசி முடிவு செய்யும். பாம்பு ஒட்டுக்கேட்கும், ஒன்றும் விளங்காது. சேதி முடிந்தாலும் நூறு வரை தட்டியே ஆகவேண்டும் என்பது ஏற்பாடு.

“முதல் பொந்துக்குப் பத்து தட்டே போதும் மச்சான். மிச்சத்த எதுக்குத் தட்டணும்? பசி உயிர் போகுது,” என்றது சுண்டெலி, ஒருநாள் பொந்தில் சந்தித்தபோது.

அணிலுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் தலையாட்டியது.

பாம்புக்கு அந்த பாஷை கடைசிவரை விளங்கவில்லை. எத்தனை தட்டுக்கு எந்தப் பொந்து என்று மட்டும் அன்றிலிருந்து ஒரு வாரம் எண்ணியது.

எட்டாம் நாள் பத்தாவது தட்டோடு சத்தம் நின்றது. அணில் கடலையோடு முதல் பொந்துக்கு ஓடியது. பாம்பின் வாயோரம் வால் நுனி தெரிந்தது.

அணில் திரும்பி வந்து, மிச்சத் தொண்ணூறையும் தட்டி முடித்தது.