சல்லடையை நீக்கு

நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. அவள் நின்றுகொண்டே கணினியில் தட்டினாள்.

நான்கு வருடங்களாக அப்படித்தான். வழிகாட்டி இருக்கும் அறையில் ஆராய்ச்சி மாணவி உட்காரக் கூடாது. எந்த விதியிலும் எழுதியிருக்கவில்லை. கணிதத் துறையில் எல்லோருக்கும் தெரியும்.

அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் ஞானசிகாமணி, அவள் முதுகுக்குப் பின்னால் நின்றார். பதினொரு மணிக்கு மதிப்பீட்டுக் குழு வருகிறது, அவருடைய மென்பொருளைப் பார்க்க. அதன் பெயர் 'ஞானா'. தன் பெயரைத் தானே சூட்டிக்கொள்வதில் மனிதருக்குக் கூச்சமே இல்லை.

சற்றுமுன் ஒத்திகை பார்த்தபோதுதான் வினை வந்தது. ஞானாவைத் திறந்ததும் கறுப்புத் திரையில் ஒரு வரி.

'சல்லடை ஏற்றப்படுகிறது. ஆக்கம்: இரா. தவமலர்.'

அவள் பெயர்.

"இதென்னம்மா, போர்டு மாட்டி வச்சிருக்க? அந்தச் சல்லடையத் தூக்கிரு. இப்பவே."

போர்டாம்.

பகா எண்களைச் சலித்தெடுக்கும் நிரல் தொகுப்பு அது. இரண்டு வருட உழைப்பு. துறையின் இருபத்திரண்டு கணினிகளிலும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து நிறுவியவள் அவள். அதன் மேல் ஞானாவைக் கட்டிக்கொடுத்தவளும் அவள்தான். கட்டுரை வெளியானபோது அவர் பெயர் இருந்தது, அவர் மருமகன் பெயர் இருந்தது. நன்றி சொன்ன பத்தியில்கூட அவளைக் காணோம்.

அன்றே கேட்டிருக்கலாம். ஆனால் ஆய்வேட்டில் அவர் கையெழுத்து இன்னும் விழவில்லை.

சல்லடைக்குள் அந்த ஒரு வரியை மட்டும் எழுதி வைத்தாள்.

இப்போது அதுவும் ஆகாது என்கிறார்.

நீக்கும் கட்டளையை அடித்தாள். பக்கத்தில் 'சல்லடை' என்று கொடுத்தாள்.

கணினி உடனே நீக்கிவிடவில்லை. அதற்கு ஒரு வழக்கம் உண்டு. ஒன்றை எடுக்கச் சொன்னால், அதை நம்பி நிற்பவை எவை என்று தேடிப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் கை வைக்கும்.

'இவை நீக்கப்படும்: சல்லடை, ஞானா. தொடரலாமா?'

அவர் குனிந்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"ஞானா எதுக்குப் போவுது?"

அதன் நிரலை அவர் ஒருநாளாவது திறந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

வராந்தாவில் காலடிச் சத்தம். துறைத் தலைவரின் சிரிப்பு முன்னால் வந்தது.

ஆம் என்றால், காட்டுவதற்கு ஒன்றும் இராது. இல்லை என்றால், அவள் பெயரோடுதான் காட்ட வேண்டும்.

அவருக்கும் அது புரிந்துவிட்டது. முகம் வேர்த்தது.

"அந்த வரிய மட்டும் எடுக்க முடியாதாம்மா?"

குரல் இறங்கியிருந்தது. இந்தக் குரலில் அவர் அவளிடம் பேசியதே இல்லை.

"முடியும் சார்."

விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்தினாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. குழு உள்ளே வந்தது.

அவள் எழுந்திருக்கவில்லை.