கண்ணாடியில் பவுடர்

"நான் அடிக்கவே இல்லப்பா. விரலைச் சும்மா வச்சேன், அதுக்குள்ள ஏழெட்டு எழுத்து விழுந்துடுச்சு."

"வைக்கவே கூடாது மேடம். பட்டாலே எழுத்து. விரலைத் தூக்கியே வச்சிருக்கணும்."

"எவ்வளவு நேரம்? நான் என்ன அபிநயம் பிடிக்கவா உட்கார்ந்திருக்கேன்?"

சுற்றி நின்ற டைப்பிஸ்ட்டுகள் சிரித்தார்கள். கம்பெனியிலிருந்து வந்திருந்த ஷ்ரேயாஸும் சிரித்தான். மேஜைமேல் அவன் கொண்டுவந்த தொடுதிரைக் கம்ப்யூட்டர். தனியாகக் கீபோர்டு கிடையாது. திரையின் கீழ்ப்பாதியில் எழுத்துகள் கட்டம் கட்டமாகத் தெரிந்தன. அவற்றின்மேல் பாமாவின் விரல்கள் பதித்த வெள்ளைத் தடங்கள்.

டைப் அடிக்க உட்காருவதற்கு முன் பத்து விரல்நுனிக்கும் பவுடர் போட்டுக்கொள்வது பாமாவின் வழக்கம். கணவர் சேஷகிரியிடம் கற்றது. கல்யாணத்துக்கு முன் அவர்தான் அவளுக்கு டைப்பிங் மாஸ்டர். அப்படி ஒரு பவுடர் டப்பாவைப் பெங்களூரில் வேறு எந்த டைப்பிஸ்ட்டின் மேஜையிலும் யாரும் பார்த்ததில்லை.

"ரிசல்ட் சொல்றேன்," என்றான் ஷ்ரேயாஸ். "பாமா மேடம், நிமிஷத்துக்குப் பதினேழு வார்த்தை. சீனு சார், பத்தொன்பது."

வெடித்த சிரிப்பு ஹாலைத் தாண்டிக் கேட்டது. கீபோர்டைப் பார்க்காமலே எண்பது வார்த்தை அடிப்பவள் பாமா. சீனு அவளுக்குப் பக்கத்து சீட். அவரிடம் தோற்றதில் அவளுக்குக் காதுமடல் வரை சுட்டது. கைக்குட்டையை எடுத்துத் தன் விரல் தடங்களை அவசரமாகத் துடைத்தாள். ஜெயித்த சீனுவோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பழைய கீபோர்டுல எஃப்லயும் ஜேலயும் சின்னதா ஒரு மேடு இருக்கும்," என்றாள். "இருட்டுல வீட்டுக்குள்ள நடக்கற மாதிரி, விரல் தானா அங்க வந்து நின்னுடும். இதுல வீடே இல்லியேப்பா."

"ஆனா ஒரு தடவை தொட்டா கன்னடா, இன்னொரு தடவை தொட்டா இங்கிலீஷ். சத்தமில்லை. டீ கொட்டினா துணியால துடைச்சுடலாம். ஸ்வல்ப நாள்ல பழகிடும் மேடம்."

வாங்கலாமா வேண்டாமா என்று சீனியரான பாமா சாயங்காலத்துக்குள் எழுதித் தரவேண்டும். அவள் எழுதுவதுதான் முடிவு.

அதற்காக ஆபீஸே காத்திருந்தது. அடுத்த மாதம் எல்லா டைப்பிஸ்ட்டுகளுக்கும் ஸ்பீடு டெஸ்ட். நாற்பது வார்த்தைக்குக் கீழே போனவர்களின் சர்டிபிகேட்டை விசாரிப்பார்கள். இந்தக் கண்ணாடித் திரை வந்துவிட்டால் அந்த டெஸ்ட் கிடையாது. அதில் யாருமே இருபதைத் தாண்ட முடியாது.

மத்தியானம் மற்றவர்கள் கேன்டீனுக்குப் போனதும், சீனு வழக்கம்போல் அவளுக்குக் காபி கொண்டுவந்து வைத்தார்.

"என்ன எழுதறீங்க மேடம்?"

"வேண்டாம்னுதான்."

"வேணும்னு எழுதக்கூடாதா?"

"ஏன், அந்தப் பையன் உங்களுக்கு ஏதாவது தரேன்னானா? என் கல்யாணத்துக்கும் வரலை, கிரகப்பிரவேசத்துக்கும் வரலை. ரிப்போர்ட்டை மாத்த மட்டும் உரிமையா வந்துட்டீங்க."

சீனு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"பழைய கீபோர்டுலயும் எனக்கு அதே பத்தொன்பதுதான் மேடம்."

பாமா சிரித்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். மணிக்கட்டு வலி என்று சொல்லி எத்தனை வருஷமாக நீளமான கடிதங்களையெல்லாம் அவள் மேஜைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். சோம்பேறித்தனம் என்று நினைத்துக் காபியைக் குடித்துவிட்டு அடித்துக் கொடுத்திருக்கிறாள்.

"சீனியர் கிரேடு சர்டிபிகேட் வச்சிருக்கீங்களே?"

"வச்சிருக்கேன். பரீட்சைக்குப் போனது நான் இல்லை. எண்பத்திரண்டுல ஹால் டிக்கெட்டுல போட்டோ கிடையாது. என் பேர்ல இன்னொருத்தர் உட்கார்ந்து அடிச்சார்." அவர் குரல் இறங்கியது. "இருபத்திரண்டு வருஷமா இந்த சீட்டுல உட்காரும்போதெல்லாம் உடம்பு கூசுது. பொண்ணு ஸ்கூல்ல அப்பா என்ன வேலைன்னு கேட்டிருக்காங்க. அவ பெருமையா டைப்பிஸ்ட்னு எழுதிட்டு வந்தா. அன்னிக்கு எனக்குச் சோறு இறங்கலை."

"கூசணும். நாங்கள்லாம் விரல் தேயக் கத்துக்கிட்டு வந்தோம். எங்க வீட்டுக்காரர் ஒரே ஒரு தப்பு இருந்தாக்கூடத் தாளையே கிழிச்சுப் போட்டுடுவார், தெரியுமா? அப்படி ஒரு சுத்தம்."

சீனு அவள் மேஜைமேல் இருந்த பவுடர் டப்பாவையே பார்த்தார்.

"உங்களைக்கூட விட்டுடலாம். அடுத்தவன் பேர்ல கூசாம போய் உட்கார்ந்தானே, அவனைச் சும்மா விடக்கூடாது. விசாரணை வரட்டும். அவனையும் சேர்த்து இழுக்கட்டும்."

"அதுக்குத்தான் மேடம் பயப்படறேன்."

"யாரோ ஒருத்தனுக்காக நீங்க எதுக்குப் பயப்படணும்?" என்று சொல்லிவிட்டு, ரிப்போர்ட்டில் எழுதியிருந்த 'வேண்டாம்' என்ற வார்த்தைக்கு அடியில் பாமா அழுத்தமாக ஒரு கோடு போட்டாள்.

சீனு அவள் மேஜையிலிருந்த பவுடர் டப்பாவை எடுத்து, மெதுவாக அந்தக் கோட்டின்மேல் வைத்தார்.

"கல்யாணத்துக்கு ஏன் வரலைன்னு கேட்டீங்களே. எண்பத்திரண்டுல அந்தப் பரீட்சை ஹாலுக்குள்ள போறதுக்கு முன்னாடி, அவர் பத்து விரலுக்கும் பவுடர் போட்டுக்கிட்டார் மேடம்," என்றார், தலை நிமிராமல். "கண்ணாடியே நல்லாயிருக்குன்னு எழுதிடுங்க."