இரண்டும் ஒரே சிவப்பு

"ஏட்டி எரும, மெல்ல வையி!"

தேவிகுளம் முட்டிவலி மருத்துவ முகாமில் வரிசையாக உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

செல்வலட்சுமி, கத்திய புருஷன் பெரியமுத்துவின் மடியில் கிடந்த கம்பளிக்குள் கையை விட்டு, வெந்நீர்ப் பையை அவனுடைய இடது முட்டியில் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

இடது முட்டி நல்ல முட்டி. வலதில்தான் மூன்று வருஷத்துக்கு முன்னால் செயற்கை மூட்டு வைத்தார்கள். ஒரு வருஷமாக அதில் ஒரே வலி, கம்பு இல்லாமல் எழுந்திருக்க முடியவில்லை. பாரமெல்லாம் இடதுதானே தாங்குகிறது, ஒத்தடம் அதற்குத்தான் வேண்டும் என்று அவள் சொன்னதை அவனும் நம்பிவிட்டான்.

உள்ளே சூட்டைப் படம் பிடிக்கும் கேமரா இருந்தது. வைத்த மூட்டு கழன்றிருந்தால் அந்த முட்டி மற்றதைவிடச் சிவப்பாகத் தெரியுமாம், எஸ்டேட் நர்ஸ் சொல்லியிருந்தாள். கழன்றிருந்தால் மறுபடியும் ஆபரேஷன். ஆறே மாதத்தில் பழைய கால் திரும்பிவிடும்.

அந்தப் பழைய காலை நினைத்ததும் செல்வலட்சுமியின் கை தன் இடுப்பைத் தடவிப் பார்த்தது.

பெயரைக் கூப்பிட்டார்கள். பையைக் கூடைக்குள் போட்டு மூடிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

கேமராக்காரன் ஜின்சன் முதலில் ஒன்று கேட்டான். இன்றைக்கு முட்டியில் தைலம், ஒத்தடம் ஏதாவது உண்டா?

போச்சு, எல்லாம் போச்சு என்று அவள் கூடையை இன்னும் இறுக்கி மூடினாள்.

"இவளா? நான் செத்தாக்கூட ஒரு சொட்டு வெந்நி வச்சித் தர மாட்டா, மூதேவி!"

வாங்கிய ஒத்தடத்தையும் மறந்து, திட்டத்தான் முந்தியது பெரியமுத்துவின் வாய். தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

திரையில் இரண்டு முட்டியும் ஒரே சிவப்பு. டாக்டரும் எட்டிப் பார்த்தார். வித்தியாசமே இல்லை, மூட்டு கெட்டியாக இருக்கிறது, ஆபரேஷன் தேவையில்லை, வயசு வலிதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வாசலுக்கு வந்ததும் பெரியமுத்துவுக்கு வெறி தலைக்கேறியது. இந்தச் சனியனைக் கூட்டி வந்தால் வேறென்ன விளங்கும்! முப்பது வருஷப் பழக்கம், வலது காலை அவள் இடுப்பைப் பார்த்து ஓங்கினான்.

கால் அரையடிகூட எழும்பவில்லை. தூணைக் கட்டிக்கொண்டு அலறினான்.

செல்வலட்சுமி நின்ற இடத்தைவிட்டு நகரவே இல்லை.