சுண்டுவிரல் விவசாயி

பயிர் மானியத்துக்குக் கைரேகை வைக்க வயலிலிருந்து நேராக வேளாண் அலுவலகத்துக்கு வந்துவிட்டார் வெள்ளியங்கிரி. அவர் வாசலில் சாத்தி வைத்த மண்வெட்டி, உள்ளே எட்டிப் பார்த்தது.

கட்டைவிரலை வைத்தார். "ஆள் இவரில்லை" என்றது ரேகை மெஷின். ஒன்பது விரல்களைத் துடைத்துத் துடைத்து மாற்றி வைத்தும் அதே பதில்தான்.

இன்றுதான் கடைசி நாள். மானியம் வராவிட்டால் இந்தப் பட்டத்துக்கு விதை வாங்க வழியில்லை.

"முப்பது வருஷமா என் பிடிதாங்க அந்த ரேகையைத் தேய்ச்சது. அவர் விவசாயிங்கறதுக்கு நானே சாட்சி" என்று கெஞ்சியது மண்வெட்டி.

"சாட்சியெல்லாம் வேண்டாம். ரேகை இருக்கா?" என்றது மெஷின்.

மிச்சமிருந்தது வலக்கைச் சுண்டுவிரல். மண் வெட்டும்போது பிடியில் படாமல் ஒதுங்கியே நிற்கும் சோம்பேறி அது. ரேகை அழியாமல் புதுசாக இருந்தது. அதை வைத்தார்.

"சரி, விவசாயிதான்" என்று பச்சை விளக்கைப் போட்டது மெஷின். மண்வெட்டிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மறுநாள் வரப்பு வெட்டும்போது, சுண்டுவிரல் ஏதோ ஆசையில் பிடியைத் தொட வந்தது.

"நீ ஒதுங்கியே இரு சாமி" என்றது மண்வெட்டி. "அடுத்த தவணைக்கும் நீதான் விவசாயி."