நாற்பது நிமிடத் தாமதம்

டயாலிசிஸ் சென்டர் வேன், பேக்கரிக்காரர் குடியிருந்த கட்டடத்தின் முன்னால் ஹாரனை அலறவிட்டபடி நின்றது.

"ஆஸ்பத்திரி வண்டின்னா என்ன வேணா பண்ணலாமா? காது கிழியுது!" மாடி ஜன்னலிலிருந்து ஒரு பெண் கத்தினாள்.

வேனுக்குள் டீச்சரம்மாவுக்கும் பொறுமை போய்விட்டது.

"இனிமே வரலைன்னு பேக்கரிக்காரரே சென்டருக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டாராமே. அப்புறம் எதுக்குப்பா நிக்கிறே? என் மிஷினை வேற யாருக்காவது கொடுத்துடப் போறாங்க."

"அஞ்சே நிமிஷம்மா."

"இதையே மூணு தடவை சொல்லிட்டே!"

டிரைவர் இறங்கினார். மூன்று மாடி ஏறி, பேக்கரிக்காரரின் கதவை உள்ளங்கையால் படபடவென்று தட்டினார்.

"போயிடு தம்பி. வரலைன்னா வரலை."

"மூஞ்சியைக் காட்டிச் சொல்லுங்கண்ணே, போயிடறேன்."

கதவு ஒரு சாண் திறந்தது. டிரைவர் சட்டென்று காலை உள்ளே வைத்தார்.

"என்னடா ரௌடித்தனம் இது? போலீசைக் கூப்பிடவா?"

"கூப்பிடுங்க. அவங்க வர்ற வரைக்கும் இங்கேதான் நிப்பேன்."

பேக்கரிக்காரர் கதவைத் தள்ளினார். கால் நசுங்கியது. டிரைவர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"சாகணும்னு நினைக்கிறீங்களாண்ணே?"

தள்ளிய கை அப்படியே நின்றது.

"நாலு வருஷமா ஊசி, மிஷின், தூக்கம். என்னால யாருக்கு என்ன பிரயோஜனம்? போதும்பா..."

"இதை அப்படியே டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க. சொல்லி முடிக்கிற வரைக்கும் நான் கூடவே உக்காந்திருக்கேன்."

பேக்கரிக்காரர் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். டிரைவரும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். கீழே டீச்சரம்மா கூப்பிடுவது கேட்டது. டிரைவர் அசையவில்லை.

ஒருவழியாக இருவரும் இறங்கி வந்தார்கள். பேக்கரிக்காரரின் சிவந்த கண்களைப் பார்த்ததும் டீச்சரம்மா திட்ட வந்ததை விழுங்கிக்கொண்டு, நகர்ந்து இடம் விட்டார்.

சென்டரில், பேக்கரிக்காரர் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை டிரைவர் டாக்டரம்மாவின் அறையிலேயே இருந்தார். நர்ஸ் பேக்கரிக்காரரின் மகளுக்குப் போன் போட்டாள்.

வெளியே வந்த டிரைவரை மேனேஜர் பிடித்துக்கொண்டார்.

"நாற்பது நிமிஷம் லேட்! வரமாட்டேன்னு சொன்னவர் வீட்ல உனக்கு என்னய்யா வேலை? ஒழுங்காத்தானே இருந்தே இத்தனை நாளா?"

"போன வருஷமும் ஒருத்தர் இப்படித்தான் வரலைன்னார் சார். சரின்னு விட்டுட்டு வந்துட்டேன். மறுநாள் அவர் உயிரோட இல்லை."

டிரைவர் நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கு நான் ஒரு நிமிஷம்கூட லேட் இல்லை சார்."