வலது முன் டயர்

வலது முன் டயரை, பந்தயக் காரைத் தூக்கும் ஜாக்கி கடைசியாக உயிரோடு பார்த்தது, தேசியப் பந்தயப் பருவத்தின் இறுதிப் போட்டியில், டயர் மாற்ற வண்டி வந்து நின்றபோதுதான். எப்போதும் இடப்பக்கமே வளையும் ஓடுதளம் அது. பாரமெல்லாம் வலது முன் டயரின் தலையில்தான் விழும்.

"மொட்டைத் தலையோட எங்கே போறீங்கண்ணே? இறங்குங்க, புதுப் பையன் காத்திருக்கான்" என்றது ஜாக்கி.

"என்னைக் கழற்றுற நேரத்துல கோப்பை கைவிட்டுப் போயிடும்டா. தூக்காதே!"

"வெடிச்சிட்டா?"

"வெற்றிக்கோட்டைத் தாண்டித்தான் வெடிப்பேன். பருவம் முழுக்க என்னைத் தூக்கினவன் நீ. உன்கிட்ட பொய் சொல்வேனா?"

ஜாக்கி எழும்பவே இல்லை. டயர் மாற்றும் ஆட்கள் அதைத் திட்டிவிட்டு வண்டியை அப்படியே அனுப்பினார்கள். வண்டி முதலாவதாக வந்தது. கோட்டைத் தாண்டியதும் டயர் வெடித்தது.

கோப்பை கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. வெற்றிக்கோட்டுக்கு அப்பால், ஓடுதளத்தில் ஒரு கறுப்புத் தடம் இருக்கிறது.